மலைத் தோட்டத்தில் மண விருந்து

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அதனை இல்லறத்தின் தலையாய கடமைகளுள் ஒன்றாக வைத்தவர் திருவள்ளுவர். அவ்வறம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. நாட்கூலி பெற்று லயத்தில் வாழ்ந்த நம் முன்னோரும் தம் பிள்ளைகளின் திருமணத்தன்று ஊருக்கே இலை போட்டனர். எதைச் சமைத்தனர், யாரோடு அமர்ந்து உண்டனர், எதைப் பருகினர், எவ்வாறு செலவைத் தாங்கினர் என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், அது நம் சமுதாயத்தின் வரலாறாகவே விரிகின்றது. அதனைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை வைத்து ஈண்டு நோக்குவோம்.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்த இம்மலைநிலம் நெடுங்காலம் காடாகவே கிடந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1930களில் புளூ வேலி, பாரத் முதலிய தோட்டங்களும் எழுந்தன. காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகளே. டாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து ஏறும் மலைச்சாலையே அவர்களுக்கு உயிர்நாடி. அரிசியும் பருப்பும் புளியும் அதன் வழியேதான் வந்தாக வேண்டும்.

எனவே மலைத் தோட்டத்து விருந்துத் திட்டம் தாழ்நிலத் தோட்டத்துத் திட்டத்தினின்று வேறுபட்டது. ரப்பர்த் தோட்டங்களில் வாழையிலையும் தேங்காயும் கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தன; முட்டைக்கோசும் கேரட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. மலையிலோ நிலைமை தலைகீழ். காய்கறி அண்டைத் தோட்டங்களில் விளைந்தது. தென்னை அக்குளிரில் செழிப்பதில்லை. தேங்காயும் இலைக்கட்டும் கீழிருந்து லாரியில் ஏறின. மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் விருந்தே தடுமாறும். ஆகவே இரண்டு நாள் முன்னரே பொருளைச் சேர்த்துவிடுவது அறிவுடைமை.

அடுப்படியிலும் மலைக்கெனத் தனி நெறி உண்டு. 1,200 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின் சோறு வேகவும் பருப்புக் குழையவும் கூடுதல் நேரம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இட்லி மாவு குளிரில் எளிதில் புளிக்காது. முன்னதாகவே ஆட்டி, அடுப்பருகே வைத்துக் காக்க வேண்டும். பள்ளிக்கூடம் காணாத சமையற்காரரும் இவற்றைப் பட்டறிவால் உணர்ந்து, பொழுது புலருமுன்னே அண்டாவை அடுப்பில் ஏற்றினர்.

அளவுக் கணக்கும் அவர்களிடம் இருந்தது. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு எனக் கொண்டால், முந்நூறு பேருக்கு 38 கிலோ தேவை; எதிர்பாராது வருவோர்க்கென இன்னும் சிறிது சேர்ப்பது வழக்கம். ஆளுக்கு ஒரு குவளைத் தேநீருக்கு முக்கால் கிலோத் தூள் போதும். அத்தூளுக்கு மூன்று அல்லது நான்கு கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும். விருந்தினர் கையிலிருந்த அக்குவளையில் கொழுந்து கிள்ளிய பெண்களின் உழைப்பே மணத்தது.

வறுமையைவிடக் கொடிய சோதனைகளும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபின் அரிசி அரிதாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உணவாயின. நாடெங்கும் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மணமகனாக வேண்டியவர் பலர் திரும்பவேயில்லை. பின்னர் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்க்கு உணவு எட்டாதிருக்க, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. உணவேற்றிய லாரிகள் குறித்த வழியில், பகற்பொழுதில் மட்டுமே செல்ல இயன்றது. காடு சூழ்ந்த மலைத் தோட்டத்தில் ஒரு மூட்டை அரிசியைச் சேர்த்து வைப்பதே ஐயத்துக்கிடமாகிய காலம் அது. அக்காலத்தும் திருமணங்கள் நின்றுவிடவில்லை, பந்திதான் சுருங்கியது.

இனி, பந்தியைப் பற்றி ஒரு சொல். கப்பலேறி வந்தபோது நம்மவர் சாதியையும் உடன் கொண்டு வந்தனர். ஒரே மலையில் ஒரே கூடையைச் சுமந்தவர்கள் விருந்தில் தனித்தனியே அமர்ந்த இழிவு இங்கும் இருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வருகை தந்தார். அதன்பின் வளர்ந்த சீர்திருத்த உணர்வும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் எழுத்தும், தொழிற்சங்க ஒற்றுமையும் அச்சுவரை மெல்ல இடித்தன. சட்டம் செய்ய முடியாததைச் சமபந்தி செய்தது என்றே கூறலாம்.

பானத்தின் வரலாறு கண்ணீர் கலந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் கூலியை விழுங்கின. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் வழிநடத்த வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. 1947இல் கெடாவின் தொண்டர் படையினர் கள்ளுக்கெதிராகப் போராடிக் காவலரின் அடக்குமுறைக்கு ஆளாயினர். இத்தனை தியாகத்துக்குப் பின்னரும், மணவீட்டின் பின்புறத்தில் மதுப்புட்டி திறப்பதே மரியாதை எனக் கருதுவோரை என்னென்பது? விருந்து முடியுமுன் எழும் சச்சரவுக்கும், மணமகளின் தாய் வடிக்கும் கண்ணீருக்கும் அதுவே வித்து. குளிர்ந்த மலைக்குச் சூடான தேநீரும் சுக்குநீரும் ஏற்ற பானங்களன்றோ?

செலவுக்கு வருவோம். ஊரார் எழுதும் மொய் ஒருவகைக் கூட்டுறவே. இன்று பெறுவதை நாளை திருப்பித் தரும் கடப்பாடு அது. ஆயினும் மொய் ஈடுசெய்யாத மிச்சம் கடனாகிப் பல்லாண்டு உழைப்பை உறிஞ்சியது. 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதந்தோறும் பத்து வெள்ளி சேமித்த தொழிலாளர்கள் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். ஒரு நாள் ஆடம்பரத்துக்குச் செலவாகும் பணம் எதுவாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று லயங்களில் நம்மவர் தொகை குறைந்துவிட்டது. கொழுந்து பறிப்போருள் அயல்நாட்டார் பலர். நம் பிள்ளைகளின் விருந்துபசரிப்புகள் நகர மண்டபங்களில் நடைபெறுகின்றன. சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் வேறொருவர். கணக்கோ நபருக்கு இத்தனை ரிங்கிட் என முடிகின்றது. காலத்தின் மாற்றத்தை வெறுப்பதற்கில்லை. ஆயினும் முன்னோர் போற்றிய நெறிகள் மூன்று இன்றும் பொருந்தும்: வருவோரை எண்ணி அளவாகச் சமைத்தல், அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்தல், கடனும் கள்ளும் இன்றிக் கொண்டாடுதல். அழைப்பிதழ் அச்சிடுமுன் இம்மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடும் குடும்பத்தில், விருந்து உண்டவர் வாயும் வாழ்த்தும். விருந்திட்டவர் நெஞ்சும் நிறையும்.