முட்சிலந்தி பெயர் பெற்ற வரலாறு

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலாய பகுதிகளிலே, மரஞ்செடி நின்ற வளவுகளில் சக்கரம்போல் வலைகட்டி அதன் நடுவே வீற்றிருக்கும் சிற்றுயிர் ஒன்றுண்டு. அதன் உடல் நீளத்தினும் அகலம் மிக்கது. நண்டோடு போல வன்மையுடையது. ஓரங்களில் ஆறு முட்கள் நீட்டிநிற்கும். முட்சிலந்தி என்பது இதற்குப் பொருத்தமான பெயர். அம்முட்களைக் கண்டு அஞ்சுவாருளர். அவை கொட்டும் கொடுக்குகள் அல்ல. பகையினின்று உடலைக் காக்கும் அரண் எனவே கருதப்படுகின்றன.

ஐரோப்பிய அறிஞர் இவ்வினத்தை அறிந்தது அமெரிக்க உறவினமொன்றன் வாயிலாகவாம். சுவீடன் தேசத்து லின்னேயசு 1758 இல் அதற்கு 'நண்டுருவம் உடையது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் 'ஜெமினாட்டா' என்னும் இனத்துக்கு 1798 இல் பெயரிட்டவர் அவர்தம் மாணாக்கர் பபிரீசியசு. தரங்கம்பாடியிலிருந்து டேனிய அலுவலர் தால்டோர்பு அனுப்பிய பூச்சிகள் பலவற்றை ஆராய்ந்தவரும் இவரே. பின்னர் 1833 இல் சண்டவல் என்பார் 'காஸ்டிரகாந்தா' எனும் பேரினத்தை வகுத்தார். கிரேக்க மொழியில் அது வயிற்றில் முள்ளுடையது என்னும் பொருட்டு.

இலங்கைச் சிலந்திகளின் ஆராய்ச்சி கோப்பித் தோட்டத்தோடு பிணைந்தது. நீற்றினர் என்னும் ஜெர்மானியத் தோட்டக்காரர், கோப்பி மரத்தின் பகைகளைப் பற்றி 1861 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சேர்த்தனுப்பிய சிலந்திகளை இங்கிலாந்திலே பிக்காட்-கேம்பிரிட்சு என்னும் பாதிரியார் ஆராய்ந்து, 1869 இல் பட்டியலை வெளியிட்டார். கோப்பியை அழிக்கவந்த இலைத்துரு நோய் இத்தீவில் முதன்முதற் பதிவாகியதும் அவ்வாண்டிலேயே! 1873 இல் பட்லர் முள்வயிற்றுச் சிலந்திகளைத் தொகுத்தெழுதியபோது, இங்கும் இந்தியாவிலும் உள்ள வேறோரினத்துக்குத் 'துடுப்பேந்தி' எனப் பொருள்படப் பெயரிட்டார். கொழும்பு நூதனசாலை திறக்கப்பெற்றது 1877 இலேயாம். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் சிலந்திகளைப் பொகொக்கு தொகுத்த பெருநூல் 1900 இல் இலண்டனில் வெளிவந்தது.

இவ்வறிவெல்லாம் பெரும்பாலும் சாராயக் குப்பியிலிட்ட உடல்களைக் கொண்டு பெற்ற அறிவு. குப்பியிலே நிறம் மங்கும். உயிரோடுள்ளபோதும் ஒரே இனத்துள் நிறம் பலவாறு வேறுபடும். அவ்வேறுபாட்டை நம்பியதால் அமெரிக்க இனமொன்றே பல பெயர்களைப் பெற்றுப் பின்னர் ஒன்றாக்கப்பட்டது. ஆணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அமெரிக்க இனத்தின் ஆண் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவே உடையது. நீண்ட முட்களும் அதற்கில்லை. சேகரிப்போர் கண்ணிற் பெண்ணே பட்டதில் வியப்பில்லை.

வலை கட்டும் தொழிலைக் குப்பியிற் காணுதல் இயலாது. பழைய வலையை நீக்கிப் புதியதொன்றைப் பெண் சிலந்தியே கட்டுகின்றது. அதன் தாங்கிழைகளிலே வெண்பஞ்சுபோன்ற நூற்குஞ்சங்களை இடைவிட்டுக் கோக்கின்றது. பறந்துவரும் பறவை வலையைக் கண்டு விலகுதற்பொருட்டு அவை என்பர் ஒரு சாரார். பூச்சிகளை ஈர்த்தற்பொருட்டு என்பர் மற்றொரு சாரார். அவ்வழக்கு இன்னும் தீர்ந்திலது.