தோற்ற வாதமும் சிரித்த அவையும்

 

நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் வெற்றிகளைப் பேசுவது வழக்கம். நாம் இன்று தோல்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தத் தோல்விகளைப் பார்த்து எழுந்த சிரிப்பைப் பற்றியும் பேச வேண்டும். ஒடுக்கப்பட்டவர்கள் அவையேறிப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது, மறுப்பு கிடைத்திருக்கிறது, கூடவே சிரிப்பும் கிடைத்திருக்கிறது. அடிக்கு வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. மறுப்புக்கு அரசாணைகளும் மனுக்களும் சாட்சி. சிரிப்புதான் கணக்கில் வராமல் போய்விட்டது. 'சும்மா ஒரு தமாஷ்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வசதி அதற்கு மட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்.

நகையின் இலக்கணம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கின் வழியாக நகை பிறக்கும் என்கிறது. நான்கிலும் முதலிடம் எள்ளலுக்கு. உரையாசிரியர் பேராசிரியர் இந்த எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது மற்றொன்று. இந்தப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். பின்னால் பயன்படும்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தெருவில் ஓடிவந்து தடுக்கி விழும் மனிதனை அதில் எடுத்துக்காட்டுகிறார். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் சிரிக்கிறவரின் நெஞ்சு ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்கிறார். சிரிப்பு ஒரு குழுவினுடையது, வழக்கத்திலிருந்து விலகுகிறவரைத் திருத்த அந்தக் குழு கொடுக்கும் தண்டனை என்பதும் அவருடைய வாதம்.

சாதியச் சமூகத்தில் இதற்கு மேல் ஒரு கேள்வி எழுகிறது. யார் விழும்போது யாருடைய நெஞ்சு மரத்துப்போகிறது? ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள். அதே பள்ளத்தில் சேரிப் பையன் புது பைக்கோடு விழுந்தால் தெருவே நின்று சிரிக்கும். அவன் விழுந்ததைவிட, அவனுக்கு ஏன் அந்த பைக் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். வழக்கத்திலிருந்து விலகியவன் அவன். சிரிப்பு அவனுக்கான தண்டனை.

1892, சென்னை

பைக்குக்கு நடப்பது வாதத்துக்கும் நடக்கும். 1892இல் சென்னையில் மகாஜன சபையின் மாநாடு கூடியது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அயோத்திதாசர் கலந்துகொண்டார். சிவனையும் விஷ்ணுவையும் வணங்கும் தம் மக்களுக்குக் கோயில்களில் நுழையும் உரிமை வேண்டும் என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த ஒரு பிரதிநிதி எழுந்து பதில் சொன்னார். உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற தெய்வங்கள் இருக்கின்றனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்பது அந்தப் பதிலின் சாரம். பண்டிதரே பின்னாளில் தம் இதழில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பதிலின் அமைப்பைக் கவனியுங்கள். கேட்டது உரிமை. சாத்திரத்திலிருந்தோ சட்டத்திலிருந்தோ ஒரு காரணம் எடுத்துச் சொல்லப்படவில்லை. 'உனக்கு அது இருக்கிறதே' என்ற நக்கல்தான் பதிலாக வந்தது. வாதத்துக்கு வாதம் வைத்தால் எதிரில் இருப்பவரைச் சமமாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏளனத்தில் அந்தச் செலவு இல்லை.

பண்டிதர் என்ன செய்தார்? அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம் என்று அந்தக் கோரிக்கையை அங்கேயே விட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளைத் திறவுங்கள், தரிசு நிலங்களைக் கொடுங்கள் என்று அடுத்த கோரிக்கைகளுக்குப் போனார். நிலக் கோரிக்கை அந்த ஆண்டில் வேறு திசையிலிருந்தும் எழுந்தது. செங்கல்பட்டு மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து ஆட்சியர் டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. நாம் இன்றும் மீட்கப் போராடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலங்களின் தொடக்கம் அது.

தஞ்சைப் பிரதிநிதியின் கேலி அன்றோடு முடிந்தது. பண்டிதரோ 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 1914இல் மறையும் வரை எழுதினார். அந்த இதழில் 'வேஷ பிராமணர்' என்ற சொல்லால் அவர் திருப்பிச் செய்த நையாண்டி இன்றைக்கும் சுடுகிறது. எள்ளப்பட்டவர் சிரிக்கும் சிரிப்பு அது.

தோற்க வைக்கும் விதி

அண்ணல் அம்பேத்கரின் தேர்தல் தோல்விகள் இன்றுவரை கேலிக்குப் பயன்படுகின்றன. 'அவருடைய மக்களே அவருக்கு ஓட்டுப் போடவில்லை' என்ற ஏளனத்தை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்தத் தோல்விகள் எப்படி உருவாயின என்பதைப் பார்க்க வேண்டும்.

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் தனித்தொகுதி முறையை எடுத்துவிட்டு, மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்களை ஒதுக்கீடாகக் கொடுத்தது. தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்வு செய்வார்கள். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வரிலிருந்து ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். முதல் கட்டத்தில் நம் மக்களின் வாக்கை மிகுதியாகப் பெற்று முதலில் நிற்பவர், இரண்டாம் கட்டத்தில் நான்காவதாக வந்தவரிடம் தோற்க முடியும். விதியே அப்படி.

1946 தேர்தலில் அண்ணலின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு ஒதுக்கீட்டு இடங்களைப் பெரும்பாலும் காங்கிரஸிடம் இழந்தது. முதல் கட்ட வாக்குகளை எடுத்துப் பாருங்கள் என்று அவர் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் வாதிட்டார். அந்த வாதமும் எடுபடவில்லை. 1952 முதல் பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாய் ஒதுக்கீட்டு இடத்தில் காங்கிரஸின் நாராயண் கஜ்ரோல்கரிடம் 14,000க்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி.

பந்தயத்தின் விதியை எழுதியவர்கள், ஓடியவர் காலில் கயிறு கட்டியவர்கள், அவர் விழுந்தபோது கோட்டின் ஓரத்தில் நின்று சிரித்தார்கள். விழுந்ததை மட்டும் காட்டுவது சிரிப்பின் வேலை. கயிற்றைக் காட்டுவது வரலாற்றின் வேலை.

நத்தையும் சாட்டையும்

1949 ஆகஸ்டில் 'சங்கர்ஸ் வீக்லி' இதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. அரசியலமைப்பு என்று எழுதிய நத்தையின் மீது அண்ணல் உட்கார்ந்திருக்கிறார். கையில் சாட்டை. பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். வேலை ஆமை வேகத்தில், அல்ல, நத்தை வேகத்தில் நடக்கிறது என்பது கேலி.

அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதை அவையிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். 1948 நவம்பர் 5 அன்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரசமைப்பு அவையில் பேசும்போது வரைவுக் குழுவின் நிலையை விவரித்தார். உறுப்பினர்கள் ஏழு பேர். ஒருவர் விலகி அவரிடத்தில் வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்துபோனார், இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒருவருக்கு அரசுப் பணிகள். ஒன்றிரண்டு பேர் டெல்லியிலிருந்து தொலைவில். கடைசியில் வரையும் பாரம் டாக்டர் அம்பேத்கர் ஒருவர் மீதே விழுந்தது என்றார். ஏழு பேர் வேலையை உடல்நலம் குன்றிய ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓங்கப்பட்டது அந்தச் சாட்டை.

அவைக்குள்ளும் கேலி இருந்தது. நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர் 'டிராஃப்டிங் கமிட்டி' என்பதை 'டிரிஃப்டிங் கமிட்டி' என்று மாற்றிச் சொன்னார். திசையில்லாமல் மிதக்கும் குழு என்று பொருள். 1949 நவம்பர் 25 அன்று, இறுதி உரையில், அண்ணல் இதற்குப் பதில் சொன்னார். முதலில் கணக்கு வைத்தார். அவை கூடி 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள். கனடா ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா ஒன்பது ஆண்டு. அவர்கள் திருத்தத் தீர்மானங்களைச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே 2,473 திருத்தங்கள் அவையில் முன்மொழியப்பட்டன. பிறகு அந்தச் சிலேடைக்கு வந்தார். தம் கேலியால் உறுப்பினர் மகிழ்ந்திருப்பார், ஆனால் வழி தெரியாமல் மிதப்பதும் வழி தெரிந்து மிதப்பதும் ஒன்றல்ல என்ற பொருளில் பேசினார். கோபத்தில் அவை அதிரவில்லை. கேலி செய்தவரின் சொல்லையே வாங்கி, அதற்கு அவர் அறியாத இன்னொரு பொருளைக் கொடுத்துத் திருப்பிக் கொடுத்தார். பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை நகைக்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குத் தெரிந்து இல்லை.

அந்த நத்தைச் சித்திரம் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 2012 மே மாதம் தோழர் திருமாவளவன் நாடாளுமன்றத்தில் அதை எழுப்பினார். அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். பாடநூல் ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினர். அவர்களில் ஒருவரின் பூனா அலுவலகம் தாக்கப்பட்டது. அந்தத் தாக்குதலை நாம் ஏற்கவில்லை. எதிர்வாதத்தின் இடத்தில் கல்லை வைப்பது அண்ணலின் வழி அல்ல. ஆனால் அன்று நமக்குச் சொல்லப்பட்ட உபதேசம் நினைவிருக்கிறது: 'உங்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை.' அடுத்த சில வாரங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவர்களைக் கேலி செய்த சித்திரம் வெளிச்சத்துக்கு வந்தது. அதை நீக்க வேண்டும் என்று கலைஞர் கருணாநிதி கோரினார். தமிழகம் அதை மானப் பிரச்சினையாகப் பார்த்தது. சரியாகத்தான் பார்த்தது. சேரியின் மானமும் அதே மானம்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பின்னர் கேலிச்சித்திரக்காரரும் ஆய்வாளருமான உன்னமதி சியாம சுந்தர், 1932 முதல் 1956 வரை பத்திரிகைகளில் அண்ணலைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் தொகுத்து 2019இல் நூலாக்கினார். ஒரு சித்திரத்தைத் தனியாகப் பார்த்தால் அது ஒரு நாளின் தமாஷ். நூறையும் வரிசையாக வைத்தால் ஒரு மனிதரைச் சிறியவராக்க இருபத்துநான்கு ஆண்டுகள் நடந்த வேலை தெரிகிறது. சிரிப்புக்கும் ஆவணம் உண்டு என்று அவர் காட்டியிருக்கிறார்.

ஜெயித்தவரின் ராஜினாமா

நம் ஊருக்கு வருவோம். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே தலைவர் இல்லை. வேட்புமனு போட ஆள் வரமாட்டார். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்வார். 'காலையில் தலைவர், சாயங்காலம் முன்னாள் தலைவர்' என்று அதைத் தேநீர்க் கடைகளில் வேடிக்கையாகச் சொன்னவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ராஜினாமா செய்யாதவருக்கு என்ன நேரும் என்பது 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் தெரிந்தது. தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கத்தியை மறைத்துவிட்டு ராஜினாமாவை மட்டும் பார்த்தால்தான் சிரிப்பு வரும். 2006இல்தான் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

நம் சிரிப்பு

இதுவரை மேலிருந்து கீழே வந்த சிரிப்பைப் பேசினோம். நம்மிடம் இருப்பதையும் பேசாமல் போனால் இந்த உரை நேர்மையாகாது. படிநிலைச் சமத்துவமின்மையில் மேலே போகப் போக மரியாதை கூடும், கீழே வர வர இகழ்ச்சி கூடும் என்று அண்ணல் விளக்கினார். அந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் கீழே சிரிப்பதற்கு இன்னொரு படி இருக்கிறது. மலக்குழியில் இறங்கும் தொழிலாளியை, புதிரை வண்ணாரை, நம் அமைப்புக்குள் முதல்முறை மைக்கைப் பிடித்துத் திணறும் பெண்ணை வைத்து நம் கூட்டங்களில் எழும் சிரிப்புக்கு என்ன பெயர்? ஆதிக்கத்தைப் பார்த்துச் சிரிப்போம்; கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்கிறானே. நமக்குக் கீழே என்று சாதி காட்டும் இடத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் சாதியின் கூலியாட்கள்.

கடைசியாக ஒன்று. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரையை அண்ணலால் ஆற்ற முடியவில்லை, அழைத்தவர்கள் பின்வாங்கினார்கள். தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். 'சாதியை அழித்தொழித்தல்' அதுதான். 1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதும் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். விலகல் உரையை அவையில் படிக்க வழியில்லாமல் வெளிநடப்புச் செய்து பத்திரிகைகளிடம் கொடுத்தார். தோற்றுப்போன அந்த மசோதா 1955, 1956 ஆண்டுகளில் நான்கு சட்டங்களாகத் திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவர் செய்தது ஒன்றுதான்: கேட்கப்படாத வாதத்தை எழுத்தில் விட்டுச்சென்றார். அதனால்தான் இன்று அது நம் கையில் இருக்கிறது.

கிராமசபைகளில் நம் பெண்கள் எழுந்து சுடுகாட்டுப் பாதை எங்கே, குடிநீர்க் குழாய் ஏன் தெரு முனையோடு நிற்கிறது என்று கேட்கிறார்கள். சொல் தடுமாறுகிறது, எண் மாறிப்போகிறது, கூட்டம் சிரிக்கிறது, தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார். அடுத்த கிராமசபைக்குப் போகும்போது தோழர்கள் ஒன்று செய்யுங்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கேள்வி அவருடைய பெயரோடு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜெய்பீம்.