எசாலம் முத்திரையில் மீனும் வில்லும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலைக்கு மேற்கே, எண்ணாயிரத்துக்குப் பக்கத்து ஊர் எசாலம். 1987-இல் அங்குள்ள திருராமநாதேசுவரர் கோயிலில் திருப்பணி நடந்தபோது செப்புத் திருமேனிகளோடு ஒரு செப்பேட்டுத் தொகுதியும் கிடைத்தது. தன் குரு சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த அந்தக் கோயிலுக்கு முதலாம் இராஜேந்திர சோழன் அளித்த கொடையைச் சொல்வது அது. இரா. நாகசாமி அதைப் பற்றி ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் எழுதினார். ஏடுகளின் வாசகத்தைப் பலரும் பேசியாயிற்று. நான் தேடிப் போனது அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையை.

அமர்ந்த புலி, இரண்டு மீன், வில், குடை, சாமரம். சுற்றிலும் கிரந்த எழுத்தில், மன்னர்களின் மணிமுடி மேல் விளங்கும் ஆணை இது என்று இராஜேந்திரனின் பட்டமான பரகேசரிவர்மன் என்ற பெயரால் முழங்கும் வடமொழி வாசகம். புலி சோழருடையது. பாண்டியரின் மீனுக்கும் சேரரின் வில்லுக்கும் இங்கே என்ன வேலை?

வெற்றிச் சின்னம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு 1340-இல் பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூக்களைத் தன் கேடயச் சின்னத்தில் சேர்த்துக்கொண்டான். பிரான்சில் கடைசிப் பிடியான கலே 1558-இல் கைவிட்டுப் போன பிறகும் 1801 வரை அந்தப் பூக்கள் அங்கேயே இருந்தன. குலச்சின்னம் சில சமயம் வெறும் உரிமைக்கோரிக்கைதான். இராஜேந்திரனோ மதுரையில் தன் மகனையே சோழ பாண்டியனாக அமர்த்தியவன். அவன் முத்திரையில் மீன் இருப்பதற்குப் பின்னால் ஒரு நிர்வாகமே இருந்தது.

அடுத்து, இந்தச் சின்னம் குலத்துக்கா, தனி மன்னனுக்கா? 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடும் இராஜேந்திரனுடையதே என்பதால் அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியவில்லை. துப்பு ஹாலந்தில் இருந்தது. லெய்டன் பெரிய செப்பேடு, நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை வழங்கியதைச் சொல்கிறது. முத்திரை வாசகத்தில் இருப்பதோ மகன் இராஜேந்திரனின் பெயர்! தந்தையின் ஆணையை நிலையான சாசனமாக்கியவன் மகன் என்று அதன் வடமொழிப் பகுதியே விளக்குகிறது. வாசகம் இல்லாதிருந்தால் அதை இராஜராஜனின் முத்திரை என்றே கொண்டிருப்போம். புலியும் மீனும் குலத்தைக் காட்டுகின்றன; மன்னனைக் காட்டுவது வாசகம்தான்.

ஆகவே வாசகம் தேய்ந்துபோன புலி முத்திரை தனியாகக் கிடைத்தால் சோழருடையது என்று எழுதலாம். இன்ன சோழன் என்று எழுத வேறு சான்று வேண்டும்.