ஓநாயைப் பார்த்து நாயை அடித்தார்கள்!

நாய் வளர்க்கிற யாரிடமாவது ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். புகார்ப் பட்டியல் நீளும். வாக்கிங் போனால் சங்கிலியோடு நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை. சோபாவிலிருந்து இறங்கச் சொன்னால் 'உர்ர்...' என்கிறது. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனால் முறைக்கிறது.

இதற்கெல்லாம் வைத்தியம் சொல்ல ஒரு நிபுணர் எங்கிருந்தாவது வந்துவிடுவார். "ரொம்பச் செல்லம் கொடுத்துட்டீங்க சார். வீட்ல யாரு பாஸ்னு அதுக்குக் காட்டணும்!" நீங்கள் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சாப்பாடு. வாசலைத் தாண்டும்போது நீங்கள்தான் முதலில். முரண்டு பிடித்தால் மல்லாக்கத் தள்ளி, அடங்கும் வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஏன்? நாய், ஓநாயின் வம்சமாம். ஓநாய்க் கூட்டத்தில் அடித்துப் போட்டு ஜெயித்தவன்தான் தலைவன். அவன் பெயர் 'ஆல்ஃபா'. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காராவிட்டால் நாய் உட்கார்ந்துவிடும்!

கேட்க விஞ்ஞானம் மாதிரியே இருக்கிறது, இல்லையா? இந்த விஞ்ஞானத்தின் வேரைத் தேடிப் போனால், சுவிட்சர்லாந்தில் ஒரு மிருகக்காட்சி சாலையின் கம்பி வேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

பாஸல் நகரத்து மிருகக்காட்சி சாலை அது. ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே ஓநாய்களைப் பல வருடங்கள் பொறுமையாகக் கவனித்து, 1947-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓநாய்கள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன, ஆணில் ஒன்றும் பெண்ணில் ஒன்றும் மேலே வந்து மற்றவற்றை அடக்கி வைக்கின்றன என்றார். மனுஷர் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால், பார்த்த இடம்? 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். அதற்குள் பத்து ஓநாய்கள் வரை! காட்டில் ஒரே நாளில் பல கிலோமீட்டர் நடக்கிற மிருகம் அது. சண்டையில் தோற்றால் ஒதுங்கிப் போக அங்கே இடமே கிடையாது. பத்துப் பேரை வருஷக்கணக்கில் ஒரே அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, 'மனிதர்களின் குடும்ப வாழ்க்கை இப்படித்தான்' என்று எழுதினால் எப்படியிருக்கும்!

நாயை அடித்துப் பழக்கும் வழக்கத்துக்கு ஷெங்கலைக் குற்றம் சொல்ல முடியாது. அது அவருக்கு முன்பே இருந்தது. ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-லேயே அதற்கென்று ஒரு புத்தகம் எழுதிவிட்டார். உடல் பலத்தில் யார் பெரியவன் என்பது முதலில் தீர்ந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. டிஸ்னி படங்களுக்கு மிருகங்களைப் பழக்கிய வில்லியம் கோலர், 1962-ல் எழுதிய புத்தகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். நாய் தோட்டத்தில் குழி தோண்டுகிறதா? அந்தக் குழியிலேயே தண்ணீரை நிரப்பி, நாயின் முகத்தை அதில் அமுக்கு! நல்ல யோசனை!

ஷெங்கலின் ஓநாய்கள் இந்த முரட்டுத்தனத்துக்கு ஒரு விஞ்ஞானச் சட்டையை மாட்டிவிட்டன. 1970-ல் அமெரிக்க ஓநாய் நிபுணர் டேவிட் மெச் ஒரு பெரிய நூல் எழுதினார். அதுவரை ஓநாயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் திரட்டியபோது 'ஆல்ஃபா'வையும் சேர்த்துக்கொண்டார். 1978-ல், நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துவந்த நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் நாய் வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் போட்டார்கள். நாயை மல்லாத்தி அமுக்கும் வித்தை பிரபலமானது அதில்தான். புத்தகம் சக்கைப்போடு போட்டது. துறவிகளே சொன்ன பிறகு அப்பீல் ஏது!

இந்த நேரத்தில் மெச் ஒரு காரியம் செய்தார். 1986 முதல், கனடாவின் வட கோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் போனார். அங்குள்ள ஓநாய்கள் மனிதர்களைக் கண்டு மிரளவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அவர் பார்த்தது ஒரு அப்பா, ஒரு அம்மா, அந்த வருஷத்துக் குட்டிகள், முந்தைய வருஷங்களில் பிறந்த அண்ணன், அக்காக்கள். அவ்வளவுதான். குடும்பம்! வளர்ந்த பிள்ளைகள் தலைமைக்காகத் தகப்பனோடு மோதுவதில்லை. வயது வந்ததும் கிளம்பிப் போய், ஜோடி தேடி, தனிக் குடித்தனம் வைக்கின்றன. பதின்மூன்று கோடைகள் பார்த்தும் பதவிச் சண்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று 1999-ல் எழுதினார். 'ஆல்ஃபா' என்ற வார்த்தையே வேண்டாம், அப்பா அம்மாவை அப்பா அம்மா என்றே சொல்லலாம் என்றார்.

இதற்கிடையே இன்னொரு பக்கம் வேறொரு கதை. 1963-ல் ஹவாய் தீவில் கேரன் ப்ரையர் என்ற பெண்மணிக்கு டால்ஃபின்களைப் பழக்கும் வேலை வந்தது. டால்ஃபினுக்குச் சங்கிலி போட முடியுமா? அடிக்கப் போனால் நீந்திப் போய்விடும். கையில் மிச்சமிருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். சரியாகச் செய்தால் உடனே விசில், பின்னாலேயே மீன். தப்பாகச் செய்தால் ஒன்றும் இல்லை. உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான ப்ரிலேண்ட் தம்பதி கோழிகளிடம் ஏற்கெனவே செய்து காட்டிய முறைதான் இது. 1984-ல் ப்ரையர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இது நாய்களிடம் வந்தது. விசிலுக்குப் பதில் 'க்ளிக்' என்று சத்தம் போடும் சின்ன டப்பா.

இந்த வழியில் பார்த்தால் முதலில் சொன்ன புகார்களுக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறது. சங்கிலியை இழுக்கும் நாய் பதவிக்கு ஆசைப்படவில்லை. இழுத்தால் நாம் பின்னாலேயே போகிறோம், அதற்குப் போக வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது. இழுத்த நொடியில் நின்றுவிட்டு, சங்கிலி தளர்ந்த பிறகு நடந்தால், சில நாட்களில் கணக்கு அதற்கே புரிகிறது. கூப்பிட்டால் ஏன் வருவதில்லை? வந்தபோதெல்லாம் சங்கிலியை மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போயிருப்போம். தட்டுக்குப் பக்கத்தில் உறுமுவது, பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில். சற்றுத் தள்ளி நின்றே ஒரு கறித்துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்தால், ஆள் வருவது நல்ல சேதி ஆகிவிடும். உறுமலுக்கு உதை கொடுத்தால் என்ன ஆகும்? உறுமல் நிற்கலாம், பயம் போகாது. அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேரே பல்தான்!

2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், நாயின் நடத்தைக்காகத் தங்களிடம் வந்த சொந்தக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவிகிதம் பேரிடம் நாய் எதிர்த்துப் பாய்ந்திருக்கிறது. மல்லாத்தி அமுக்கியவர்களில் 31 சதவிகிதம் பேரிடம். ஏற்கெனவே பிரச்னைக்குரிய நாய்கள்தான். ஆனால், இந்த வைத்தியம் சொல்லப்படுவதே அந்த நாய்களுக்குத்தானே!

துறவிகள் 2002-ல் வந்த புதிய பதிப்பில் அந்த மல்லாத்தும் வித்தையைச் சிபாரிசு செய்வதை விட்டுவிட்டார்கள். டெலிவிஷன் கேட்டால்தானே? 2004-ல் சீஸர் மில்லன் நேஷனல் ஜியாக்ரஃபிக் சேனலில் வந்து, 'தலைவனாக இரு' என்று மறுபடி ஆரம்பித்தார். உலகமே பார்த்தது.

மெச்சின் நிலைமைதான் பாவம். அந்த 1970 புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்துங்கள் என்று தன் பதிப்பகத்திடம் வருஷக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். விற்கிற புத்தகத்தை யார் நிறுத்துவார்கள்? கடைசியில் 2022-ல்தான் நிறுத்தினார்கள். அப்போது மெச்சுக்கு 85 வயது.