ஊதிப் பார்த்தால் தெரியுமா?

"மூச்சை ஊதினால் போதும், வயிற்றுப் புற்றுநோய் தெரிந்துவிடும்" என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1971இல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங், மனித மூச்சில் சுமார் 250 வேதிப்பொருட்கள் இருப்பதைக் கருவி மூலம் காட்டினார். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமியைக் கண்டறிய யூரியா மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. அடையாளமிட்ட யூரியாவை உட்கொள்ளக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதை உடைக்கும்; அடையாளமுள்ள கரியமில வாயு மூச்சில் வெளிவரும். கவனியுங்கள்: இது கிருமியைத்தான் சொல்லும், புற்றுநோயை அல்ல.

புற்றுநோயையே மூச்சில் தேடுகிறவர்களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜார்ஜ் ஹன்னா குழு முக்கியமானது. 335 பேரிடம் நடத்திய ஆய்வை 2018இல் வெளியிட்டார்கள். உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சோதனை கண்டுபிடித்தது; 20 பேரைத் தவறவிட்டது. நோயில்லாத நூறு பேரில் 19 பேருக்கு இருப்பதாகக் காட்டியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நூறு வவுச்சரில் இருபது விட்டுப்போனால் டே புக் டாலி ஆகாது என்பது வங்கியில் இருந்த எனக்குத் தெரியும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1981 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. அதில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்துவந்தது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், பசியின்மையை "கேஸ்" என்று எட்டு மாதம் மாத்திரையிலேயே ஓட்டினார். எண்டோஸ்கோப்பி செய்தபோது நோய் ஈரல்வரை போயிருந்தது.

அபிராமத்திலிருந்து எண்டோஸ்கோப்பிக்குப் பரமக்குடி, மதுரை என்று பஸ் ஏற வேண்டும், அலைச்சல்தான். ஆனாலும் விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, தொடர் வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் ஊதும் கருவிக்காகக் காத்திராதீர்கள். அந்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.