இருளும் ஒளியும்

இருள் இல்லையேல் மத்தாப்புக்கு மதிப்பில்லை. இது விருதுநகரை அடுத்த சிவகாசியில் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். இந்த உண்மையைத் திரைக்கலையில் கண்டவர்கள் குற்றப் படங்களை ஆக்கிய கலைஞர்கள்.

போர் முடிந்தபின் பாரிசுக்கு வந்த சில அமெரிக்கக் குற்றப் படங்களை, 1946-இல் நினோ ஃபிராங்க் என்ற விமரிசகர் 'ஃபிலிம் நுவார்', அதாவது 'கறுப்புப் படம்' என்று குறித்தார். பிரெஞ்சுக்காரரும் அவ்வகைப் படங்களைத் தம் போக்கில் ஆக்கினர். 1954-இல் ஜாக் பெக்கர் இயக்கிய படமொன்றில் ழான் காபேன் முதுமை எய்தும் கொள்ளைக்காரனாக நடித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ரிஃபிஃபி'யில் நகைக்கடைக் கொள்ளை ஏறத்தாழ அரைமணி நேரம், பேச்சுமின்றி இசையுமின்றி நிகழ்கின்றது. அங்கே ஆரவாரமில்லை, பார்ப்பவர் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது.

அதே 1954-இல் தமிழிலும் ஒரு கறுப்புப் படம் தோன்றியது. ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்த 'அந்த நாள்' என்பதே அது. இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணையில் பெரும் புகழ் பெற்ற அவர் எடுத்த இப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை என்பது வியப்பன்றோ? நடனமும் இல்லை, சண்டையும் இல்லை.

1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசினர். இது வரலாறு. அதற்கு மறுநாள் காலையில் வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடப்பதாகக் கதை தொடங்குகிறது. ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். துப்பறிய வந்த அதிகாரியிடம் ஒருவர் மற்றொருவரைக் குற்றவாளி எனச் சுட்டுகின்றனர். ஒவ்வொரு சாட்சியமும் நம்பத் தக்கதாகவே தோன்றுகிறது. 1950-இல் குரோசாவா இயக்கிய 'ரஷோமான்' என்ற ஜப்பானியப் படத்தின் சாயல் இதில் உண்டு. ஆனால் அங்கே உண்மை இறுதிவரை மறைந்திருக்கிறது, இங்கே வெளிப்படுகிறது. ராஜன் நாட்டின் இரகசியங்களைப் பகைவருக்கு விற்றவன். அவன் மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடித்தது. பண்டரிபாய் ஏற்ற அப்பாத்திரம், கணவனா நாடா என்ற கேள்வியை நம்மிடமே விட்டுச் செல்கிறது.

மாணவப் பருவத்தில், எங்கள் ஊர்க் கூடாரக் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து இப்படத்தைக் கண்டேன். பாட்டு எப்போது வரும் என்று கேட்டுச் சிலர் எழுந்து போயினர். முதலில் வெளிவந்தபோதும் இது பெரு வெற்றி பெறவில்லை. எனினும் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் இதற்குக் கிடைத்தது.

ஆண்டுகள் பல கழிந்து, நான் தலைமையாசிரியனானேன். ஒருநாள் வகுப்பில் கட்டணப் பணம் காணாமற் போயிற்று. ஒரு மாணவன் மற்றொருவனைச் சுட்டினான். அந்த ஒரு சொல்லை நம்பி அவனைத் தண்டித்தேன். மூன்றாம் நாள், பணம் என் மேசைப் பதிவேட்டின் நடுவிலேயே கிடைத்தது. வகுப்பினர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்தே நின்றான். அன்றிரவு 'அந்த நாள்' என் நினைவுக்கு வந்தது. சாட்சிகள் அனைவரையும் கேட்ட பின்னரே அந்தத் திரைக்கதை தீர்ப்புக் கூறியது. நான் ஒருவனை மட்டும் கேட்டேன்.

கறுப்புப் படங்களின் கவர்ச்சி குற்றத்தில் இல்லை. கண்டதெல்லாம் உண்மையன்று என்று நம்மைத் தயங்கச் செய்வதிலேயே இருக்கிறது.