சேதுபதி மரபும் பாலவனத்தம் கிளையும்

இராமநாதபுரம் சேதுபதிகள் மறவர் நாட்டை ஆண்ட மரபினர். இம்மரபின் ஒரு கிளை அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள பாலவனத்தம் ஜமீனுக்கு உரியது. இரு கிளைகளும் பிரிந்த வரலாற்றில் ஒரு தத்தெடுப்பு முக்கிய இடம் பெறுகிறது.

தொடக்கம்

மதுரை நாயக்கர் காலத்தில், 1605இல், சடைக்கத் தேவர் சேதுபதியாக நியமிக்கப்பட்டார். பின்வந்த கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கிச் சிறையிலிட்டது. 1803இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியார் ஜமீன்தாரிணியாக ஏற்கப்பட்டார். அரசாக இருந்தது அன்று முதல் ஜமீனாயிற்று.

தத்து வழக்கு

பின்னாளில் ஜமீன்தாராக இருந்த இராமசாமி சேதுபதி ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய மனைவி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847இல் முத்துராமலிங்கம் என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதியின்றிக் கைம்பெண் எடுத்த தத்து செல்லாது, எனவே வாரிசற்ற ஜமீன் அரசையே சேரும் என்று மதுரை கலெக்டர் தரப்பு வாதிட்டது.

வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவரின் நெருங்கிய உறவினர் இசைவுடன் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்று 1868இல் தீர்ப்பாயிற்று. நூலில் எழுதப்பட்ட விதியைவிட, மக்களிடையே நிலவுவதாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கத்துக்கே வலிமை மிகுதி என்பது இத்தீர்ப்பின் சாரம். இந்துச் சட்ட வரலாற்றில் இது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பாகும்.

இரு கிளைகள்

தத்துப் போன முத்துராமலிங்கம் சேதுபதியானார். அவருடன் பிறந்த அண்ணன் பொன்னுசாமித் தேவர், தம்பியின் ஜமீன் நிர்வாகத்தைக் கவனித்தார். தமிழ் நூற்பதிப்புகளுக்கும் பொருளுதவி செய்தார்.

தம்பியின் மகன் பாஸ்கர சேதுபதி, தீர்ப்பு வந்த 1868ஆம் ஆண்டிலேயே பிறந்தார். விவேகானந்தர் 1893இல் சிகாகோ செல்ல ஊக்கமளித்தவர் இவரே. அண்ணனின் மகன் பாண்டித்துரைத் தேவர் (1867–1911) பாலவனத்தம் ஜமீன்தார். இவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார், வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். பிறப்பால் இவ்விருவரும் அண்ணன் தம்பி மக்கள்; தத்து முறையால் வெவ்வேறு கிளையினர்.

அயர்லாந்தில் ஒப்புமை

பிள்ளையற்றவரின் குடும்பப் பெயரை வேறொருவர் ஏற்று நடத்துவது பிற நாடுகளிலும் உண்டு. 1803இல் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்டு வெல்லெஸ்லி, அயர்லாந்தில் குடியேறிய ஆங்கில வழிப் பிரபுக் குடும்பத்தவர். அவருடைய பாட்டனார் ரிச்சர்டு கோலி, உறவினர் காரெட் வெஸ்லியின் சொத்தை 1728இல் பெற்று, வெஸ்லி என்ற குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர். வெஸ்லி என்பதே பின்னர் வெல்லெஸ்லி ஆயிற்று. ஆனால் பட்டங்களுக்கு விதி வேறு. முறைப்படி பிறந்த ஆண் வாரிசு வெல்லெஸ்லிக்கு இல்லாததால், 1842இல் அவர் இறந்ததும் அவருடைய மார்க்விஸ் பட்டம் மறைந்தது.

சேதுபதி மரபு அவ்வாறு முடியவில்லை. வாரிசில்லை என்று அரசு வாதிட்ட ஜமீன், ஒரு கைம்பெண் எடுத்த தத்தினால் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. குடிவழிப் பட்டியலைப் படிப்போர், பிறந்தவர் யார் என்பதோடு தத்து வந்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.